பி.டி. பீரியடில் எத்தனை நிமிடம் மூச்சு வாங்குகிறது?

தமிழ்நாட்டுப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ பி.டி. பீரியட். பத்தாம் வகுப்பென்றால் அதையும் கணக்குப் பாடம் கடன் வாங்கிக்கொள்ளும்; திரும்பி வராத கடன். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலோ 5 முதல் 17 வயதினருக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் கேட்கிறது. வாரத்தில் மூன்று நாளாவது மூச்சிரைக்கும் அளவுக்கு வேண்டும் என்கிறது. கையில் இருக்கும் 40 நிமிடத்தை எப்படிச் செலவிடுவது என்பதே இம்மடலின் பொருள்.

இதயத்தின் திறன் கூடுவதற்கு, ஓடும்போது நாடித்துடிப்பு அதன் உச்சத்தில் ஏறக்குறைய 80 விழுக்காட்டையாவது தாண்ட வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு உச்சம் நிமிடத்துக்கு 200-ஐ ஒட்டி இருக்கும். 220-இல் வயதைக் கழிக்கும் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. ஓடி நின்ற கையோடு 10 விநாடி நாடியை எண்ணச் சொல்லுங்கள். 27-க்குக் குறைந்தால் போதாது. பிள்ளைகளின் துடிப்பு மளமளவென இறங்கிவிடும் என்பதால், அரை நிமிடம் கழித்து எண்ணிப் பயனில்லை.

இந்த அளவில் டிரில்லும் ஆசனமும் தேறுவதில்லை. ஆசனம் உடலை வளையச் செய்யும், சமநிலை தரும், அதற்காகச் செய்யட்டும். மூச்சுப் பயிற்சியால் நுரையீரல் பெரிதாகும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. ஆனால் நுரையீரலின் கொள்ளளவு பெரும்பாலும் உயரத்தோடு வளர்வது. நலமான பிள்ளையின் ஓட்டத்துக்கு எல்லை போடுவது, ஒரு துடிப்பில் இதயம் எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது என்பதுதான். பயிற்சியால் கூடுவதும் அதுவே. தண்டால் தசைக்கும் எலும்புக்கும் நல்லது. இதயத்துக்குத் தனியாக ஓட்டம் வேண்டும்.

விளையாட விட்டால் போதாதா? கோ-கோவில் துரத்தும் அணியின் ஒன்பது பேரில் எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். கிரிக்கெட்டில் பவுண்டரி ஓரம் நிற்பவன் நின்றபடியே பீரியடை முடிக்கிறான். ஆட்டம் பிழையல்ல, ஆள் கணக்குதான் பிழை. நாலுக்கு நாலாகச் சிறு கட்டங்களில் கால்பந்து ஆடவிட்டால் எல்லோருக்கும் மூச்சு வாங்கும். இடமே இல்லாத பள்ளிக்கு ஸ்கிப்பிங் கயிறு போதும்.

நாங்கள் பரிந்துரைப்பது விட்டுவிட்டு ஓடும் முறை. பிள்ளைகள் இயல்பாகவே அப்படித்தான் ஓடி ஆடுகிறார்கள். களைப்பிலிருந்து பெரியவர்களைவிட விரைவில் மீள்கிறார்கள். வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். 15 விநாடிக்கு ஒரு விசில். ஒரு பாதி கோட்டிலிருந்து எதிர்க்கோட்டுக்கு ஓடும், மறுபாதி நிற்கும். அடுத்த விசிலில் மாறும். 40, 45, 50 மீட்டர் என மூன்று கோடுகள் போட்டு, அவரவர் வேகத்துக்கு ஏற்ற கோட்டைக் கொடுங்கள். எட்டு நிமிடம் ஓட்டம், மூன்று நிமிடம் நடை, மறுபடி ஆறு நிமிடம். முன்னால் ஐந்து நிமிடம் ஓடிப்பிடித்து விளையாடினால் உடல் சூடாகிவிடும். தொடர்ந்து ஓடும் 15, 20 நிமிட மெல்லோட்டமும் பலன் தரும். ஆனால் சிறு வகுப்புகளுக்கு அலுத்துவிடும்.

கெடுவது பெரும்பாலும் முதல் இரண்டு ஓட்டங்களில். ஆளாளுக்குப் பந்தயம் கட்டிப் பறப்பார்கள், நாலாவதில் நடப்பார்கள். விசில் அடிக்கும்போதுதான் கோட்டைத் தொட வேண்டும், முன்கூட்டி அல்ல என்று சொல்லிவிடுங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, இரண்டு மாதம் செய்தால் இதயத்தின் திறனில் 5 முதல் 10 விழுக்காடு முன்னேற்றம் எதிர்பார்க்கலாம். அதற்கு மேல் யாரும் வாக்குக் கொடுத்தால் நம்ப வேண்டாம். வாரம் ஒருமுறை மட்டும் என்றால் ஏறக்குறைய ஒன்றும் நடக்காது.

அளப்பதற்கு 600 மீட்டர் ஓட்டத்தை மட்டும் நம்பாதீர்கள். வேகத்தைப் பங்கிடத் தெரியாத பிள்ளை முதல் 100 மீட்டரிலேயே தீர்ந்துபோகும். 20 மீட்டர் ஷட்டில் ஓட்டத்தில், அதாவது 20 மீட்டர் இடைவெளியுள்ள இரண்டு கோடுகளுக்கு நடுவே ஓடி ஓடித் திரும்புவதில், பதிவுசெய்த ஒலிதான் வேகத்தை வைக்கிறது: பரவலாக உள்ள முறையில் மணிக்கு 8.5 கிலோமீட்டரில் தொடங்கி, நிமிடத்துக்கு 0.5 கூடும். தொடர்ந்து இருமுறை கோட்டைத் தவறவிட்டால் வெளியே. ஒரு போனும் ஒலிபெருக்கியும் போதும். ஜூனில் ஒருமுறை, அரையாண்டுக்கு முன் ஒருமுறை வைத்து, அந்தப் பிள்ளையின் பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். எட்டாம் வகுப்பில் ஒருவன் வளர்ந்திருப்பான், இன்னொருவன் வளரத் தொடங்கியிருக்க மாட்டான். அவர்களை வரிசைப்படுத்திப் பலகையில் ஒட்டுவது அநியாயம்.

ஓடும்போது மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே நிறுத்தி, மருத்துவர் பார்க்கும்வரை ஓடவிடாதீர்கள். வெளிறிப்போய், மற்றவர்களுக்கு முன்பே களைக்கும் மாணவிக்கு ரத்தசோகை இருக்கலாம். திட்டாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். ஓடி முடித்துச் சில நிமிடத்தில் இருமலும் இளைப்பும் வருவது ஆஸ்துமாவின் அடையாளமாகலாம். அதற்காகப் பிள்ளையை நிரந்தரமாக மரத்தடியில் உட்காரவைக்க வேண்டியதில்லை. மருத்துவர் சொன்னபடி இன்ஹேலர் எடுத்துக்கொண்டு ஓடலாம். அந்த இன்ஹேலர் பூட்டிய அலுவலக அலமாரியில் இல்லாமல் மைதானத்தில், உங்கள் பையில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உடற்பயிற்சி உடலியங்கியல் படித்த சிலர்