நகராததெல்லாம் செடி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை சிறுவர் பக்கத்தில் தாவரத்துக்கும் விலங்குக்கும் உள்ள வேறுபாடுகளை அட்டவணையாகப் போட்டிருந்தீர்கள். விலங்கு நகரும், தாவரம் நகராது. விலங்குக்கு உணர்ச்சி உண்டு, தாவரத்துக்கு இல்லை. தாவரம் பச்சையாக இருக்கும், விலங்கு அப்படி இருக்காது. கீழே தாவரங்கள் என்ற தலைப்பில் வேப்பமரம், தாமரை, அவற்றுக்குப் பக்கத்தில் காளான், பவளம் என்று வண்ணப் படங்கள். மண்டபம் என்ற கடலோர ஊருக்குப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பல ஆண்டுகள் விலங்கியல் நடத்தியவள் நான். இந்தப் பக்கத்தைக் கத்தரித்து நோட்டில் ஒட்டும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் பவளம். அது விலங்கு. பவளப்பாறை என்று நாம் சொல்வது, பாலிப் என்ற சின்னஞ்சிறு உயிர்கள் லட்சக்கணக்கில் சேர்ந்து சுண்ணாம்பால் கட்டிய வீடு. ஒவ்வொரு பாலிப்புக்கும் ஒரு வாய், வாயைச் சுற்றி மெல்லிய கைகள், கைகளில் கொட்டும் செல்கள். இரவில் கையை விரித்து, தண்ணீரில் மிதந்து வரும் நுண்ணுயிர்களைப் பிடித்து விழுங்கும். ஜெல்லிமீனுக்கு நெருங்கிய உறவு. ஒரே இடத்தில் ஒட்டியிருப்பதால் மட்டும் அது செடியாகிவிடாது. பாறையில் ஒட்டிய சிப்பியைச் செடி என்று யாரும் சொல்வதில்லையே.

இந்தக் குழப்பம் உங்கள் பக்கத்தில் தொடங்கியதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் நெடுங்காலம் பவளத்தைக் கடல் செடி என்றுதான் நம்பினார்கள். 1706-இல் மார்சிலி என்ற இத்தாலியர் பவளக்கிளையைக் கடல் நீரில் வைத்துப் பார்த்தபோது வெள்ளையாகச் சின்னச் சின்னதாக விரிந்தன. பவளம் பூத்துவிட்டது என்று எழுதினார். 1720-களில் பேசொனெல் என்ற பிரெஞ்சு மருத்துவர், அவை பூ அல்ல, உயிர்ப் பிராணிகள் என்று கண்டுபிடித்துப் பாரிஸ் அறிவியல் கழகத்துக்கு எழுதினார். அங்கே பெரிய பெயர் பெற்றிருந்த ரியோமூர், அவருக்கு அவமானம் வரக்கூடாதென்று பெயரைச் சொல்லாமலே அந்தக் கருத்தைப் படித்துக் காட்டி, மறுத்தும் பேசினார்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வகுப்பில் இதைச் சொல்லாமல் எந்த ஆண்டையும் விட்டதில்லை. 1740-இல் ஹாலந்தில் ஒரு பிரபுவின் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்த ஆப்ரகாம் ட்ரெம்ப்ளே, குட்டை நீரில் பச்சை நிறத்தில் நூல் போல ஒன்றைக் கண்டார். இன்று ஹைட்ரா என்கிறோம். பச்சையாக இருந்ததால் செடி என்று நினைத்தார். கையைச் சுருக்கி நீட்டியது, மெல்ல இடம் மாறியது. விலங்கோ என்று சந்தேகம் வந்தது. சரி, வெட்டிப் பார்ப்போம், இரண்டு துண்டும் பிழைத்தால் செடி, செத்தால் விலங்கு என்று வெட்டினார். இரண்டும் பிழைத்து முழு ஹைட்ராக்களாக வளர்ந்தன. அவர் வைத்த சோதனைப்படி அது செடி. ஆனால் அதே ஹைட்ரா கையால் இரையைப் பிடித்து, வாய்க்குள் தள்ளி, வயிற்றில் செரித்ததையும் அவர் கண்ணால் பார்த்தார். அந்த ஹைட்ராக்களை ரியோமூருக்கு அனுப்பினார். ரியோமூர் இதைப் பார்த்து விலங்குதான் என்று ஒப்புக்கொண்டார். பேசொனெல் சொன்னது சரி என்பதையும் அதன் பிறகுதான் ஏற்றார்.

ட்ரெம்ப்ளேயைக் குழப்பிய அந்தப் பச்சை நிறம்கூட ஹைட்ராவுடையது அல்ல. அதன் செல்களுக்குள் குடியிருக்கும் நுண்பாசியின் நிறம். பவளத்துக்குள்ளும் இதே ஏற்பாடு உண்டு. பாசி வெயிலில் உணவு தயாரித்துப் பாலிப்புக்குக் கொடுக்கிறது. பவளத்துக்குத் தேவையான சக்தியில் பெரும்பகுதி அப்படித்தான் வருகிறது. கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பாலிப்புகள் பாசியை வெளியே தள்ளிவிடும். நிறம் போய் வெளுக்கும். சூடு தணியாவிட்டால் பட்டினியில் சாகும். மன்னார் வளைகுடாவில் 2010-இலும் 2016-இலும் இது பெரிய அளவில் நடந்தது. பவளம் விலங்கு, அதற்குள் இருக்கும் பாசி ஒளியில் வாழ்வது என்று இரண்டையும் பிரித்துச் சொல்லாமல் பவளம் ஏன் வெளுக்கிறது என்பதை ஒரு பிள்ளைக்கும் விளக்க முடியாது.

உங்கள் அட்டவணையின் முதல் வரி, அதாவது நகர்வது, எவ்வளவு பலவீனமானது என்பதற்கு இன்னும் சாட்சி வேண்டுமா? கடற்பஞ்சு வளர்ந்த பிறகு நகராது, ஆனாலும் விலங்கு. தொட்டாற்சிணுங்கி இலையை மடக்குகிறது, ஆனாலும் தாவரம். இரண்டாவது வரியும் அப்படியே. அமெரிக்காவின் கரோலினா பகுதியில் வளரும் வீனஸ் பூச்சிப்பொறிச் செடி, இலையிலுள்ள முடியை ஒரு முறை தொட்டால் சும்மா இருக்கும். ஏறக்குறைய 20 விநாடிக்குள் மறுபடி தொட்டால்தான் மூடும். விழுந்தது சருகா, உயிருள்ள பூச்சியா என்று பிரித்தறிய இந்த ஏற்பாடு. அதே நேரம் கடற்பஞ்சுக்கு ஒரு நரம்புகூடக் கிடையாது. தாவரத்துக்கு உணர்வே இல்லை என்று தமிழில் எழுதும்போது இன்னொன்றும் உறுத்துகிறது. தொல்காப்பியத்தின் மரபியல் புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிர்கள் என்கிறது. அந்த ஓர் அறிவு தொடுதலை அறிவது. உயிர்களை அது நகர்வதை வைத்துப் பிரிக்கவில்லை, புலன்களை வைத்து வரிசைப்படுத்துகிறது.

அப்படியென்றால் பிள்ளைகளுக்கு எதைச் சொல்வது? சாப்பாட்டிலிருந்து தொடங்குங்கள். தாவரம் வெயில், தண்ணீர், காற்றிலுள்ள கரியமில வாயு மூன்றையும் கொண்டு சர்க்கரை செய்கிறது. அந்த வேலை நடக்கும் இடம் பசுங்கணிகம். விலங்கு, மற்ற உயிர் செய்து வைத்ததை உள்ளே வாங்கிச் செரிக்கிறது. அடுத்தது செல்சுவர். தாவரச் செல் ஒவ்வொன்றையும் சுற்றிச் செல்லுலோஸால் ஆன சுவர் இருக்கிறது. கட்டடத்தில் பூசிய செங்கல்லைப் போல ஒவ்வொன்றும் வைத்த இடத்தில் நிற்கும். விலங்குச் செல்லுக்குச் சுவர் கிடையாது. தசை சுருங்குவதும், காயம் பட்ட இடத்துக்கு வெள்ளணுக்கள் ஓடுவதும் அதனால்தான் முடிகிறது. தொட்டாற்சிணுங்கிக்குத் தசை இல்லை. இலைக்காம்பின் அடியில் உள்ள செல்களிலிருந்து தண்ணீர் வெளியேறுவதால் இலை தொய்கிறது. புற்றுநோய் உடம்புக்குள் பரவுவதற்கும் இதே சுவரின்மை ஒரு காரணம். மரத்திலும் கட்டி வரும், ஆனால் அந்தச் செல்கள் கிளம்பிப் போய் வேறு கிளையில் குடியேற முடியாது. நகர்வதும் நகராததும் காரணம் அல்ல, இந்த இரண்டின் விளைவு. பெரும்பாலான இடங்களில் அந்த விளைவு கண்ணுக்குத் தெரிகிறது, சில இடங்களில் தெரிவதில்லை.

இதற்கும் விலக்கு உண்டு. வேலியில் மஞ்சள் நூல் மாதிரிப் படரும் அம்மையார் கூந்தல் உணவு தயாரிப்பதில்லை, பிற செடியை உறிஞ்சி வாழ்கிறது. நாடாப்புழுவுக்கு வாயே கிடையாது, தோலால் உறிஞ்சுகிறது. ஆனாலும் முன்னதைத் தாவரத்திலும் பின்னதை விலங்கிலும் வைக்கிறோம், ஏனென்றால் முன்னதன் முன்னோர் தாவரங்கள், பின்னதன் முன்னோர் விலங்குகள். இன்று வகைப்பாடு கடைசியில் வம்சாவளியைத்தான் பார்க்கிறது.

காளானுக்கு வருகிறேன். அது தாவரமும் அல்ல, விலங்கும் அல்ல. 1969-இல் ராபர்ட் விட்டேக்கர் உயிர்களை ஐந்து உலகங்களாகப் பிரித்தபோதே பூஞ்சைகளுக்குத் தனி இடம் கொடுத்துவிட்டார். நம் பள்ளிப் புத்தகங்களிலும் அது இருக்கிறது. காளானில் பச்சையம் இல்லை. செல்சுவர் உண்டு, ஆனால் அது கைட்டினால் ஆனது. நண்டு ஓட்டிலும் பூச்சியின் மேல்தோலிலும் இருக்கும் அதே பொருள். மிச்ச உணவைத் தாவரம் ஸ்டார்ச்சாக வைக்கும், காளானோ நம் கல்லீரலைப் போலக் கிளைக்கோஜனாக வைக்கும். மரபணுக்களை ஒப்பிட்டதில் பூஞ்சைகள் தாவரங்களைவிட விலங்குகளுக்குத்தான் நெருங்கிய உறவு என்று தெரிந்துவிட்டது. பூஞ்சை நோய்க்கு மருந்து கண்டுபிடிப்பது கடினமாக இருப்பதற்கு இந்த உறவும் ஒரு காரணம்: பூஞ்சையின் செல்லைக் கொல்வது பல நேரம் நம் செல்லையும் பாதிக்கும். படர்தாமரையும் பூஞ்சை நோய்தான். அதற்கு மருந்துக்கடையில் ஏதோ ஒரு ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கிப் பூசி, அது உடம்பெல்லாம் பரவிய பிறகு மருத்துவரிடம் ஓடுகிறவர்கள் இங்கே நிறைய. தோலில் வளர்வது எந்த வகை உயிர் என்று தெரிந்தவர்கள் அந்தக் களிம்பைத் தொட யோசிப்பார்கள்.

பவளத்தைப் பற்றி இவ்வளவு ஆவேசமாக எழுதுவதற்குக் காரணம் எங்கள் கடற்கரை. தனுஷ்கோடியில் 1964 புயலில் சிதைந்த தேவாலயத்தின் சுவரைப் பாருங்கள், பவளக்கல். அந்தக் காலத்தில் கட்டியவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகும் பல பத்தாண்டுகள் தூத்துக்குடிப் பக்கம் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளத்தைத் தோண்டி எடுத்தார்கள். உயிர் என்ற நினைப்பே இல்லாமல், கல் குவாரி போல. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு கடலுக்குள் போய்விட்டன. சுற்றியிருந்த பவளத்தை வெட்டி எடுத்தது அதற்கு முக்கியக் காரணம். தீவுகள் 1986-இல் தேசியப் பூங்காவாயின. 2001-இல்தான் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறியது, புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணையில். கடல் அட்டையும் அந்த ஆண்டுதான் சேர்ந்தது.

இப்போது இன்னொரு தொல்லை. வளர்ப்புக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த காப்பாபைகஸ் என்ற கடல்பாசி மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவுப் பக்கம் பவளத்தின் மேல் படர்ந்து மூடுகிறது. வெளிச்சம் போய் உள்ளே இருக்கும் பவளம் சாகிறது. வனத்துறை ஆட்களை வைத்துக் கையால் அகற்ற வேண்டியிருக்கிறது. இரண்டும் செடி என்று நினைக்கிற பிள்ளைக்கு இது ஒரு செடி இன்னொரு செடியை மூடும் சாதாரணச் செய்தியாகத்தான் தெரியும்.

எனவே ஐயா, அடுத்த சிறுவர் பக்கத்திலேயே திருத்தம் போடுங்கள். மூலையில் ஒரு வரியாக வேண்டாம், அட்டவணை வந்த அதே இடத்தில், அதே அளவில். பவளத்துக்குப் படம் தேடும்போது, பாலிப்புகள் கை விரித்திருக்கும் இரவு நேரப் படமாகப் பார்த்துப் போடுங்கள். பகலில் பெரும்பாலான பவளங்கள் கையை உள்ளே இழுத்துக்கொள்ளும்; அந்தப் படத்தைப் போட்டால் பிள்ளைகள் அதைச் செடி என்பதை விட்டுவிட்டுக் கல் என்று சொல்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
இராமநாதபுரம் மாவட்டம்.