கிராம விளையாட்டு மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, மன்ற உறுப்பினர்களே, பிள்ளைகளை நம்பி மைதானத்துக்கு அனுப்பும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான செயல் அறிக்கையை இந்தப் பொதுக்குழு முன் வைக்கிறேன்.

வழக்கமாகப் போட்டி முடிவுகளை முதலில் வாசிப்போம். இந்த முறை அரசுப் பணத்தைப் பற்றி முதலில் பேச வேண்டியிருக்கிறது. விளையாட்டுக்கென்று அரசு ஒதுக்கும் பணம் எந்த வழியாக ஊருக்கு வருகிறது, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதை இந்த ஓராண்டில் அலைந்து தெரிந்துகொண்டோம்.

முதலில் வேலி. களத்துப் புறம்போக்கில் நாற்பது வருடமாக ஆடுகிறோம். மூன்று பக்கமும் திறந்து கிடந்ததால் டிராக்டர் திரும்புவதும் அங்கேதான், ராத்திரி பாட்டில் உடைவதும் அங்கேதான். பெண் பிள்ளைகள் காலையில் வந்ததும் கால் மணி நேரம் கண்ணாடிச் சில்லு பொறுக்கிவிட்டுத்தான் ஓட ஆரம்பிப்பார்கள். சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு ரூ. 3 கோடி. அதில் ரோடு, குடிநீர், பள்ளிக் கட்டடம் என்று வரிசை நீளம். ஆகவே ‘நமக்கு நாமே’ திட்டத்தைப் பிடித்தோம். இடையில் வேறு பெயரில் நடந்து, 2021இல் பழைய பெயரோடு திரும்பி வந்த திட்டம் அது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஊர் கட்டினால் மீதியை அரசு போடும். ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் போட்டோம். கல்தூண், கம்பி வலைக்கு மதிப்பீடு ரூ. 4,80,000. நம் பங்கு ரூ. 1,60,000.

இந்தப் பணம் சேர்ந்த விதம் நம் மன்ற ஏட்டில் பதிவாக வேண்டும். திருப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் நம் பையன்கள் அனுப்பியது ரூ. 70,000. கோயில் கொடை விழாக் கணக்கில் மிஞ்சியது ரூ. 25,000. பீடி சுற்றுகிறவர்களுக்குப் பீடிக்கடையில் சம்பளம் போட்ட இரண்டு சனிக்கிழமைகளில் திண்ணையில் நோட்டை விரித்து உட்கார்ந்ததில் ரூ. 18,400 சேர்ந்தது. மீதி ரூ. 46,600 கடை கடையாக, வீடு வீடாக ஏறி வாங்கியது. சொளகை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்த ஒரு மதினி ஐம்பது ரூபாயை நீட்டி, “ரசீது எம் பேர்ல வேண்டாம் அண்ணாச்சி, மூத்தவ பேர்ல எழுதுங்க, அவதானே ஆடுதா” என்றார். எழுதிக் கொடுத்த ரசீதை நாலாக மடித்து, பீடிக்கடை பாஸ்புக்கின் உறைக்குள் செருகிக்கொண்டார். அன்றைக்கு அப்படிப் பிள்ளைகள் பெயரிலேயே இருபதுக்கு மேல் ரசீது எழுதினேன்.

வேலி பிப்ரவரியில் முடிந்தது. ஆடு, மாடு குளத்துக்குப் போகும் வழி அடைபடும் என்று சிலர் வருத்தப்பட்டார்கள். அது நியாயமான வருத்தம். தென்பக்கம் பாதைக்கு ஆறடி விட்டுத்தான் தூண் நட்டிருக்கிறோம்.

அடுத்தது அரசு நடத்தும் முதலமைச்சர் கோப்பைப் போட்டி. செப்டம்பரில் மாவட்ட அளவிலான போட்டிக்குப் பொதுப் பிரிவு மகளிர் கபடியில் அணி பதிந்தோம். பொதுப் பிரிவு 15 முதல் 35 வயது வரை என்பதால், படிப்பை நிறுத்திவிட்டுப் பீடி சுற்றும் மூன்று பிள்ளைகளும் ஆட முடிந்தது. பள்ளிக்கூடப் போட்டிகள் மட்டும் இருந்த காலத்தில் அவர்களுக்கு ஆட வழியே இல்லை. இந்த ஒரு ஏற்பாட்டுக்காகவே அரசுக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது. மாவட்டத்தில் முதல் மூன்று இடம் பிடித்தால் ஆளுக்கு ரூ. 3,000, 2,000, 1,000 என்று பரிசு. நாம் காலிறுதியில் தோற்றோம்.

தோற்ற காரணத்தைச் சொல்கிறேன். ஆட்டம் நடந்தது மேட் என்ற செயற்கை விரிப்பில். நம் பிள்ளைகள் பிறந்தது முதல் செம்மண்ணில் வெறுங்காலோடு ஆடியவர்கள். ஷூ ஐந்து பேருக்குத்தான் சரியாக இருந்தது. மற்ற இருவர் முந்தைய ஆட்டம் முடிந்த வேற்றூர் அணியிடம் இரவல் வாங்கிப் போட்டார்கள். நம் முதல் ரெய்டர், அதாவது எதிரணிப் பக்கம் பாடிப் போகிறவள், கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டிவிட்டுத் திரும்பும்போது, மண்ணில் வழுக்கித் திரும்பிப் பழகிய கால் மேட்டில் அப்படியே பிடித்து நின்றுவிட்டது. முட்டி மடங்கி விழுந்தாள். எதிரணியில் ஓரத்தில் நிற்கும் கார்னர் பிள்ளை வந்து அமுக்கிவிட்டாள். அதே ரெய்டை நம் களத்தில் நூறு தடவை முடித்தவள் அவள். ஆட்டம் தெரியாமல் தோற்கவில்லை, தளம் பழகாமல் தோற்றோம். மணத்தி கிராமத்திலிருந்து கிளம்பிப் போன கபடி வீரர் கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடி, அடுத்த ஆண்டு அர்ஜுனா விருது வாங்கினார். மண்ணில் வளர்ந்தவர்களுக்கு எட்டாத உயரம் இல்லை. ஆனால் இன்றைக்குப் போட்டி நடப்பது மேட்டில். பயிற்சிக்கும் மேட் வேண்டும்.

கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். 2024 பிப்ரவரியில் மதுரையில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் ரூ. 86 கோடியில் 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கு 33 வகைப் பொருட்கள் தந்தார்கள். நம் ஊருக்கு வந்ததும் சில மாதம் பெட்டிக்குள்ளேயே இருந்தது. தொலைந்தால் யார் பொறுப்பு என்ற பயம்தான் காரணம். மன்றம் பதிவேடு போட்டு, எடுப்பவர் கையெழுத்திட்டு மாலையே திருப்பித் தர வேண்டும் என்று பொறுப்பேற்ற பிறகு பொருட்கள் வெளியே வந்தன. ஒரு பொருளும் தொலையவில்லை. வாலிபால் இரண்டு கிழிந்துவிட்டன. அவற்றுக்குப் பதில் வாங்க எங்கே மனு கொடுப்பது என்று விசாரித்தபோது, எங்கேயும் வழி இல்லை. 2020இல் அம்மா இளைஞர் விளையாட்டுத் திட்டத்தில் ஊராட்சி தோறும் மைதானம் போட்டபோது நாம் நட்ட வாலிபால் கம்பமும் இப்படித்தான் துருப்பிடித்துச் சாய்ந்தது.

என் மனதில் உள்ளதை இங்கே சொல்லிவிடுகிறேன். மேலே பணம் போகிறது, பலனும் வருகிறது. 2024 ஜனவரியில் நம் மாநிலத்தில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் 98 பதக்கத்தோடு தமிழ்நாடு இரண்டாம் இடம் பிடித்தது. தொகுதிதோறும் ரூ. 3 கோடியில் சிறு விளையாட்டரங்கம் என்ற அறிவிப்பும் நல்லதுதான். ஆனால் நம் மன்றத்தின் நடப்புச் செலவைப் பாருங்கள். விளக்குக்கு மின் கட்டணம், கோடு போடச் சுண்ணாம்பு, களம் நனைக்கத் தண்ணீர் வண்டி, சம்பளம் வாங்காமல் வாரம் நான்கு நாள் வந்து சொல்லிக்கொடுக்கும் உடற்கல்வி ஆசிரியருக்குப் பெட்ரோல், சுளுக்குக்கு ஸ்பிரே, பஸ் செலவு. எல்லாம் சேர்ந்து ரூ. 61,300. இதில் அரசிடமிருந்து வந்தது ஒரு ரூபாயும் இல்லை. கட்டுவதற்கும் வாங்குவதற்கும் திட்டம் இருக்கிறது. கட்டியதைக் காப்பாற்ற, பிள்ளையை நாளும் களத்தில் வைத்திருக்க, நாங்கள் தேடிய வரையில் திட்டம் இல்லை. பதக்கம் வாங்கிய பிறகு லட்சங்களில் தருகிறார்கள். பதினான்கு வயதில் ஷூ இல்லாமல் நிற்கும்போது ஆயிரம் ரூபாய் தந்தால் போதும்.

நம் பக்கத்துத் தவறும் உண்டு. உபகரண உதவி கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போட்ட மனு திரும்பி வந்தது. காரணம் நாம்தான். 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஆண்டுதோறும் கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். மூன்று ஆண்டு செய்யாமல் விட்டிருந்தோம். அபராதத்தோடு கட்டி, டிசம்பரில் நேர் செய்துவிட்டோம். இனி ஒரு வருடமும் விடுபடாது. இதைச் செயலாளர் என்ற முறையில் சபைக்கு உறுதியளிக்கிறேன்.

கோடைப் பயிற்சி முகாம், பொங்கல் விளையாட்டு, மாலை நேரக் கேரம் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. மன்றத்தின் மூத்த உறுப்பினர் இருவர் இந்த ஆண்டு மறைந்தார்கள். அறிக்கை முடிந்ததும் ஒரு நிமிடம் எழுந்து நிற்போம்.

இரண்டு தீர்மானங்களைச் சபையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். ஒன்று, பதிவு செய்த கிராம விளையாட்டு மன்றங்களுக்கு ஆண்டுதோறும் பராமரிப்பு நிதி வேண்டும் என்று தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கும் நம் சட்டமன்ற உறுப்பினருக்கும் மனு. இரண்டு, மகளிர் ஆட்ட அளவான 12-க்கு 8 மீட்டர் மேட்டுக்கு இப்போதே தனிச் சேமிப்புக் கணக்கு.

அடுத்த முதலமைச்சர் கோப்பைக்குப் பதிய வேண்டிய பிள்ளைகளின் பெற்றோர், ஆதார் நகலும் பிள்ளையின் பெயரில் உள்ள வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகலும் வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குப் பள்ளிக்கூட வராந்தாவில் தந்துவிடுங்கள். கணக்கு இல்லாத பிள்ளைகள் அதற்குள் சொல்லுங்கள். திங்கள்கிழமை நானே வங்கிக்கு அழைத்துப் போகிறேன். வரவு செலவு நோட்டும் ரசீதுக் கட்டும் மேசையில் இருக்கின்றன. யாரும் எடுத்துப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
செயலாளர்