ரம்பத்தை அவள் கையிலேயே விடு

அன்புள்ள கண்ணா,

பாப்பாவின் பள்ளியில் தச்சு வகுப்பு தொடங்குகிறார்கள், ரம்பம், உளி எல்லாம் பிடிக்க வைப்பார்களாம், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். போனில் பேசி முடிகிற விஷயம் இல்லை இது, அதனால்தான் எழுதுகிறேன். அப்படி எழுதிக் கொடுக்காதே. கையெழுத்துப் போட்டு அனுப்பு.

நாங்கள் படித்த அந்தப் பழைய கட்டடத்தில் கைத்தொழிலுக்கென்று இரண்டு அறைகள் இருந்தன. சத்தமும் தூசியும் மற்ற வகுப்புகளுக்குப் போகக் கூடாது என்று இரண்டையும் கடைக்கோடியில் வைத்திருந்தார்கள். உயரமான கூரை, ஆள் உயர ஜன்னல்கள், நல்ல வெளிச்சம். ஒன்றில் பையன்களுக்குத் தச்சு, அடுத்ததில் எங்களுக்குத் தையல். ஏன் இப்படி என்று யாரும் கேட்டதில்லை.

தையல் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. டீச்சர் நம் துணியை வாங்கியதும் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். துணி ஓரத்தை மடித்து எம்மிங் போடும்போது ஊசி முன்பக்கத் துணியில் ஓரிரு இழையை மட்டும் பிடிக்க வேண்டும், அதிகம் பிடித்தால் வெளியே புள்ளி புள்ளியாகத் தெரியும், பிடிக்காமல் விட்டால் மடிப்பு பிரிந்துவிடும். பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பது அதைவிடக் கஷ்டம். கத்தரித்த விளிம்பில் நூல் பிரியாமல், ஒவ்வொரு தையலுக்கும் ஒரு முடிச்சு விழுகிற மாதிரி நெருக்கி நெருக்கித் தைக்க வேண்டும். உன் சட்டைகளில் பிய்ந்த காஜாவையெல்லாம் நான் சரிசெய்தது அங்கே கற்றதை வைத்துத்தான்.

ஆனால் பக்கத்து அறையில் இழைப்புளி ஓடுகிற சத்தம் கேட்டால் என் கவனம் அங்கே போய்விடும். கடைசி வருடம் புதிதாக வந்த தச்சு மாஸ்டர், ஒரு பருவத்துக்குப் பையன்கள் ஊசி பிடிக்கட்டும், பெண்கள் உளி பிடிக்கட்டும் என்று அறைகளை மாற்றிவிட்டார். அவரை இன்றைக்கும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

அந்த அறையின் சுவரில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஆணி, ஆணிக்குப் பின்னால் அந்தக் கருவியின் உருவத்தையே கறுப்பு பெயின்டில் வரைந்திருந்தார்கள். மூலைமட்டமோ ஓர் உளியோ குறைந்தால் அந்தக் கறுப்பு உருவம் மட்டும் தனியாகத் தெரியும். எல்லா உருவமும் மூடிய பிறகுதான் வகுப்பு முடியும். இரண்டு கட்டைகளைக் கூட்டல் குறி மாதிரி குறுக்காக இணைப்பதுதான் எங்களுக்கு முதல் வேலை. கேட்க எளிதாக இருக்கும். ஒவ்வொரு கட்டையிலும் கனத்தில் சரிபாதியை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும், அப்போதுதான் இரண்டும் சேர்ந்ததும் மேடு பள்ளம் இல்லாமல் ஒரே மட்டமாக உட்காரும். ரம்பத்தைக் கோட்டின் மேலேயே ஓட்டினால் ரம்பத்தின் பல் தின்கிற அகலமும் சேர்ந்து போய்விடும், மூட்டு லொடலொட என்று ஆடும். அதனால் கழிக்கப்போகிற பக்கமாக, கோட்டை ஒட்டி அறுக்க வேண்டும். அரை, கால், அரைக்கால் எல்லாம் எனக்கு உறைத்தது அங்கேதான். 1937-இல் வார்தா மாநாட்டில் காந்தி, ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து மற்றப் பாடங்களையும் அதன் வழியாகக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று சொன்னதைப் பின்னால் படித்தபோது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை.

மாஸ்டரிடம் ஒரு பழக்கம். நம் கட்டையை அவர் தொடவே மாட்டார். கோணலாகப் போனால் வேறு ஒரு துண்டுக் கட்டையை எடுத்து அதில் செய்து காட்டுவார், அப்புறம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிடுவார். எனக்கு அப்போது கோபம் கோபமாக வரும், இரண்டு இழுப்பு இழுத்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று. அது அவருடைய சொந்தக் கண்டிப்பு என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன், அப்படியில்லை என்று பின்னால்தான் தெரிந்தது. சுவீடனில் நேஸ் என்ற இடத்தில் ஓட்டோ சாலமன் என்பவர் 1870-களிலேயே கைவேலை ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்திருக்கிறார், பல நாடுகளிலிருந்தும் ஆசிரியர்கள் அங்கே போய்க் கற்றிருக்கிறார்கள். பிள்ளை செய்கிற வேலையில் ஆசிரியர் கை வைக்கக் கூடாது என்பது சாலமன் வற்புறுத்திய விதிகளில் ஒன்று. அதற்கும் முன்னால், 1866-லேயே, பின்லாந்தில் ஊனோ சிக்னேயஸ் என்ற கல்வியாளரின் முயற்சியால் கைவேலை பள்ளிப் பாடத்துக்குள் வந்துவிட்டது. அங்கேயும் கட்டாயம் என்று வைத்தது பையன்களுக்குத்தான். பாப்பாவுக்கு இன்றைக்குக் கேட்காமலே கிடைத்திருக்கிறது, அதை நீயே தடுக்கிறேன் என்கிறாயே!

கை வெட்டிக்கொள்வாளோ என்று பயப்படுகிறாய், பயம் நியாயம்தான். ஆனால் கூரான உளியைவிட மழுங்கிய உளிதான் ஆபத்து, வெட்டாது என்று பலம் கொடுத்து அழுத்துவோம், சட்டென்று வழுக்கும். பள்ளியில் கருவிகளைத் தீட்டி வைக்கிறார்களா, கட்டையை வேலை மேசையில் அசையாமல் இறுக்கி வைத்துத்தான் வேலை வாங்குகிறார்களா, ஒரு மாஸ்டருக்கு எத்தனை பிள்ளைகள், இதையெல்லாம் போய்க் கேள். தாராளமாகக் கேள், அது உன் உரிமை. அவளிடம் ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பு: இரண்டு கையும் எப்போதும் உளியின் கூருக்குப் பின்னால் இருக்கட்டும், எதிரில் வேண்டாம்.

அவள் செய்து கொண்டுவருவது ஆடினாலும் கோணலாக இருந்தாலும் நீ உப்புத்தாள் எடுத்துத் தேய்த்துச் சரிசெய்ய உட்காராதே. சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தக் கை அரிப்பு உண்டு, எனக்குத் தெரியும். அப்படியே போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, மூட்டு தெரிகிற மாதிரி, பின்பக்கமும் ஒன்று. வகுப்பு நாளில் முடியை இறுக்கிப் பின்னி விடச் சொல், கைக்கு வளையல் வேண்டாம், முன்பக்கம் மூடிய செருப்போ ஷூவோ போட்டு அனுப்பு.

அன்புடன்,
அம்மா