கோடு போட்ட டிரஸ் பத்தி நீ சொன்னதுக்கு

டேய் மாப்ள,

அக்காவுக்கு சுகர் இப்ப கன்ட்ரோல்ல இருக்குன்னு பெரியவன் சொன்னான், சந்தோஷம். இங்க எல்லாரும் சௌக்கியம். ரொம்ப நாளா எழுதலன்னு திட்டாத, இப்ப எழுதுறதே உங்கிட்ட சண்டை போடத்தான். வாடிகன்ல கோடு போட்ட டிரஸ்ல நிக்கிற சுவிஸ் கார்டு, அதான் பாப்பரசரக் காக்குற படை, அவங்க போட்டோவுக்கு போஸ் குடுக்கத்தான்னு குரூப்ல போட்டியே, படிச்சதுலருந்து எனக்கு மனசே ஆறல.

அந்தக் கார்டுக்கு முன்ன காஸ்பர் ரோய்ஸ்ட்னு ஒரு கமாண்டர் இருந்தாரு. சுவிட்சர்லாந்துல சூரிச்காரர், அப்பா மார்க்ஸ் அந்த ஊருக்கே மேயர். கமாண்டர் பதவி முதல்ல அப்பா பேர்லதான் இருந்துச்சு, அவருக்குப் பதிலா ரோம்ல வேலையப் பாத்தது மகன், 1524ல அப்பா செத்ததும் முழுப் பொறுப்பும் இவர் தலையில. அங்கதான்டா சிக்கல். சூரிச் அதுக்குள்ள கத்தோலிக்க சபைய எதுத்த ஸ்விங்லிங்கிற போதகர் பக்கம் சாஞ்சிருச்சு, 1525ல பூசையவே நிறுத்திட்டாங்க, நம்ம ஆளுங்க பாப்பரசருக்கு வேலை பாக்க வேணாம், கிளம்பி வாங்கன்னும் சொல்லிட்டாங்க. பொறந்த ஊரே வான்னு கூப்பிடுது, யாரும் குத்தம் சொல்லிருக்க மாட்டாங்க. மனுஷன் போகலடா.

1527 மே 6 காலைல ஒரே மூடுபனி. சம்பளம் வராத ஆத்திரத்துல இருந்த பேரரசர் அஞ்சாம் சார்லஸ் படை ரோமுக்குள்ள பூந்திருச்சு, கார்டு மொத்தமே 189 பேர். ராயப்பர் (செயின்ட் பீட்டர்) கோயில்கிட்ட நின்னு சண்டை போட்டு 147 பேர் செத்தாங்க, மிச்ச 42 பேர்தான் ஏழாம் கிளமெண்ட் பாப்பரசர மதில் மேல இருக்குற வழியா சாந்தாஞ்சலோ கோட்டைக்குக் கொண்டுபோய் சேத்தது. ரோய்ஸ்ட் பலத்த காயத்தோட வீட்டுல கெடந்தாரு, அங்கயே வந்து பொண்டாட்டி கண்ணு முன்னாடி வெட்டிட்டாங்க. அந்தம்மா எலிசபெத் குறுக்க விழுந்து தடுத்ததுல கைவிரல் போச்சு. இந்த எடத்துக்கு வந்தா எனக்கு மேல படிக்க முடியலடா.

இன்னிக்கும் புது ஆளுங்க வழக்கமா மே 6லதான் சத்தியம் பண்றாங்க, இடது கையில கொடியப் புடிச்சு, வலது கையில மூணு விரலத் தூக்கி, தேவைப்பட்டா உசுரையும் குடுப்பேன்னு. எல்லாரும் சுவிஸ் ஆர்மி டிரெயினிங் முடிச்ச பசங்க, இதுவாடா போஸ்?

உன் சின்னவன் ஆர்மிக்குத்தான் போவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறானாமே, இந்த லெட்டர அவன்கிட்டயும் குடு. அவன அரட்டாத, உன் பயம் எனக்கும் புரியுது, ஆனா செலக்‌ஷனுக்குக் கிளம்புறதுக்குள்ள நான் வந்து அவன்கிட்ட உக்காந்து பேசணும், தேதிய மட்டும் சொல்லு.