முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அவர்கள் துறைக்குரிய ஆங்கிலச் சொற்பட்டியல் வேண்டும்

வன்னியில் பொறியியலும் தொழில்நுட்பமும் கற்பிக்கும் உயர்கல்வி நிறுவனங்களின் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். பள்ளிக்கூடத்தில் உயர்தரம் வரை தமிழில் படித்த பிள்ளைகள் உங்களிடம் வந்ததும் ஆங்கிலத்துக்கு மாறுகிறார்கள். அது உங்களுக்குத் தெரியாததல்ல.

சென்ற பருவப் பரீட்சையில் நடந்ததைச் சொல்கிறேன். புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து வந்த என் பழைய மாணவன் சாய்தளக் கணக்குகளில் கெட்டிக்காரன். வினாத்தாளில் உராய்வு 'நெக்லிஜிபிள்' என்று இருந்திருக்கிறது. 'உராய்வைப் புறக்கணிக்க' என்று தமிழில் எத்தனையோ தடவை பார்த்துச் செய்தவனுக்கு அந்த ஒரு சொல் பிடிபடவில்லை. வினாவில் தராத உராய்வுக் குணகத்தைத் தேடியே நேரம் போய்விட்டது. கணக்கே தெரியாதவனுக்குப் போடும் புள்ளிதான் அவனுக்கும் விழுந்தது. அவனுடைய பௌதிகவியலையா நீங்கள் சோதித்தீர்கள்?

அறிமுகப் பயிற்சியில் கொடுத்த சொற்பட்டியலையும் வாங்கிப் பார்த்தேன். உயர்கல்வி நூல்களில் அடிக்கடி வரும் ஆங்கிலச் சொற்களைத் திரட்டி, மொழியியல் ஆய்வாளர் அவெரில் கொக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட 570 சொற்குடும்பங்கள், அதாவது ஒரே அடிச்சொல்லிலிருந்து கிளைத்த சொற்களின் தொகுதிகள். நல்ல பட்டியல்தான். ஆனால் அது கலை, வணிகம், சட்டம், விஞ்ஞானம் ஆகிய பிரிவுகளின் நூல்களிலிருந்தும் கட்டுரைகளிலிருந்தும் திரட்டியது. பொறியியல் அதில் ஒரு பிரிவாகவே இல்லை. அதில் வரும் 'ஸ்ட்ரெஸ்' என்ற சொல்லுக்கு நேரே யாரோ 'மன அழுத்தம்' என்று எழுதியிருக்கிறார்கள். பொறியியலில் அது தகைப்பு. தகைப்பு, விகாரம், யங்கின் மட்டு எல்லாம் படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு இதைக் கொடுத்து அனுப்பலாமா?

நான் கேட்பது இவ்வளவுதான். உங்கள் விரிவுரைக் குறிப்புகள், ஆய்வுகூடக் கையேடுகள், பழைய வினாத்தாள்கள் இவற்றிலிருந்தே சொற்களை எடுங்கள். அடிக்கடி வருவதை முன்னுக்குப் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் உயர்தரத்தில் படித்த தமிழ்ச் சொல்லும், உங்கள் வினாத்தாளிலிருந்தே ஒரு வசனமும் இருக்கட்டும். கருவிகளின் பெயரைப் பெடியன்கள் பழகிக்கொள்வார்கள். அவர்களை விழுத்துவது 'எடுத்துக்கொள்க', 'முறையே', 'உட்படுத்தப்பட்ட' என்ற பொருளில் வரும் ஆங்கிலச் சொற்கள். அவை கட்டாயம் வேண்டும்.

ஒட்டுசுட்டானுக்கு அங்கால் ஓர் ஆங்கில ஆசிரியர் வந்தால், அவர் எப்போது மாற்றலாகிப் போவார் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். கட்டடம் திறக்க வருகிறவர்கள் வகுப்புக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. பிறகு வன்னிப் பிள்ளைக்கு ஆங்கிலம் வராது என்று பேச்சு. கேட்கக் கேட்க வயிறு எரிகிறது.

சரி, ஆசிரியர் நியமனம் உங்கள் கையில் இல்லை. சொற்பட்டியல் உங்கள் கையில்தான் இருக்கிறது. அடுத்த அணி வருவதற்குள் அதைத் தயாரித்துத் தாருங்கள் என்று பணிவோடு கேட்கிறேன். தமிழ்ச் சொற்களைச் சரிபார்க்க எங்கள் மாவட்டத்து உயர்தர ஆசிரியர்களை அழையுங்கள். சனி, ஞாயிறு என்றாலும் வருகிறோம்.

நன்றியுடன்,
உயர்தரப் பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர்
முல்லைத்தீவு மாவட்டம்