மானிப்பாயிலிருந்து மச்சானுக்கு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து கனநாள். பதில் எழுதப் பஞ்சி, வேறொன்றுமில்லை. போன கிழமை மனுசிக்குப் பிரஷர் பார்க்கக் கிறீன் ஆசுபத்திரிக்குப் போனோம். முறை வரும்வரை வாங்கில் குந்தியிருந்தபோது உன் நினைவுதான். சின்ன வயதில் கிறீன் ஆசுபத்திரி என்றால் பச்சைப் பெயின்ற் அடித்த கட்டடம் என்று நான் நம்பியிருந்ததை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தவன் நீதானே!

அந்தப் பெயருக்குரிய சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் அமெரிக்க மிஷன் டாக்குத்தராக யாழ்ப்பாணத்தில் வந்திறங்கியபோது வயது 25 அளவில்தான். அடுத்த வருஷமே மானிப்பாயில் வைத்தியம் பார்த்துக்கொண்டு பொடியளுக்கு அதைப் படிப்பிக்கவும் தொடங்கிவிட்டார். அவருக்கு முன்னும் ஒருவர் இருந்தார். 1820இலேயே பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்த ஜோன் ஸ்கடர். வேலூர் ஆசுபத்திரியைத் தொடக்கிய ஐடா ஸ்கடர் அவருடைய பேத்தி. பண்டத்தரிப்பு வேலூருக்கு மூத்தது என்று நீ இனித் தாராளமாகப் புளுகலாம்.

என்னை யோசிக்க வைத்தது வேறு விஷயம். கிறீன் முதலில் இங்கிலீசில்தான் படிப்பித்தார். படித்தவர்கள் அரசாங்க உத்தியோகம், பட்டணம் என்று போய்விட, ஊர்ச்சனம் பழையபடி பார்த்துக்கொண்டு நின்றது. 1864இலிருந்து தமிழுக்கு மாறினார். தமிழில் படித்தவன் ஊரோடு இருப்பான் என்பது அவர் கணக்கு. அதற்குப் புத்தகம் வேண்டுமே! டான்வோர்த், சப்மன் என்று மிஷன் பெயர் வைத்த எங்கட பொடியள் மொழிபெயர்க்க, கிறீன் பக்கத்திலிருந்து திருத்தினார். 1867இல் 'இரண வைத்தியம்' என்ற சத்திரசிகிச்சைப் புத்தகம் வந்தது. 1873இல் உடம்பு ஏலாமல் அமெரிக்கா திரும்பிய பிறகும் மனிசன் விடவில்லை, 1875இல் 'கெமிஸ்தம்'. இரசாயனமா வேதியியலா என்று நாங்கள் சண்டை பிடிக்கமுன்னமே கெமிஸ்தம் என்று போட்டுவிட்டுப் போயிருக்கிறார்!

அவரிடம் படித்து வைத்தியரானவர்கள் 60 பேருக்கு மேல். கொடையாளர் என்றால் கட்டிலும் கட்டடமும் தந்தவர்களைத்தான் சொல்வோம். எனக்கென்னவோ டான்வோர்த்தையும் சப்மனையும் அந்த வரிசையில் இருத்த வேணும் போலிருக்கு.

கிறீனின் கணக்குப் பிழைத்ததும் உண்மைதான். உன் மகன் அமெரிக்காவில் டாக்குத்தர், என் மகள் லண்டனில் டாக்குத்தர். நாங்கள் இரண்டு பேரும் வாய் திறக்க ஏலாது. ஆனால் யுத்தத்தில் நலிந்துபோன ஆசுபத்திரி திரும்ப எழும்ப, வெளிநாட்டிலிருக்கிற எங்கட சனத்தின் காசும் கைகொடுத்தது. அதையும் சொல்ல வேணும்.

நீ இருக்கிற மசாசூசெட்ஸில்தான் கிறீனின் ஊரான வூஸ்டர். அங்கேதான் 1884இல் காலமானார். தன் கல்லறையில் 'தமிழருக்கான மருத்துவ நற்செய்தியாளர்' என்று எழுதச் சொல்லியிருந்தார். குடும்பத்துக் காணியான கிறீன் ஹில்லை 1905இல் நகரத்துக்கே கொடுத்துவிட்டார்கள், இப்போது பூங்கா. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனைக் காரெடுக்கச் சொல்லிப் போய்ப் பார். கல்லறையில் தமிழர் என்ற அந்தச் சொல் தெரியக்கூடியதாக ஒரு படம் எடுத்து அனுப்பு.

மனுசிக்குப் பிரஷர் கொஞ்சம் கூட. உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். கருவாடு நின்றதில் அவளை விட எனக்குத்தான் துக்கம்.

அன்புடன்,
உன் பழைய வாங்குக் கூட்டாளி