அந்தப் பேச்சைப் பிள்ளையே எழுதட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு வாசகர் பக்கத்தில் ஓர் அன்பர் எழுதியிருந்தார். நம் மலேசியாவில் இடைநிலைப்பள்ளியை முடிக்கும் ஐந்தாம் படிவ மாணவர்களின் பிரியாவிடை விருந்துகளை நிறுத்திவிட்டு, அந்த நாளில் பிள்ளைகளை மேடையில் நிற்க வைத்து மதுவைத் தொடமாட்டோம் என்று உறுதிமொழி எடுக்க வைக்க வேண்டுமாம், நாலு பேரை மதுவிலக்கு பற்றிப் பேசச் சொல்ல வேண்டுமாம். அவர் மனசைக் குறை சொல்ல மாட்டேன். 31 வருஷம் இடைநிலைப்பள்ளியில் தமிழும் வரலாறும் சொல்லிக்கொடுத்தவள் நான், அப்பாவின் குடியால் பாதியில் நின்றுபோன பிள்ளைகளின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆனால் அவர் எழுதிக் கொடுத்திருக்கும் மருந்து பழைய மருந்து. அமெரிக்காக்காரர்கள் அதை ஒரு தலைமுறைக்கே ஊட்டிப் பார்த்துவிட்டார்கள்.

அங்கே மேரி ஹன்ட் என்று ஓர் அம்மையார், கிறிஸ்துவ மாதர் மதுவிலக்குச் சங்கத்தைச் சேர்ந்தவர், மாநிலம் மாநிலமாக ஏறி இறங்கிப் பள்ளியில் மதுவின் கெடுதியைக் கட்டாயப் பாடமாக்கச் சட்டம் போட வைத்தார். 1882 இல் வெர்மான்ட் மாநிலத்தில் தொடங்கிய சட்டம் 20 வருஷத்துக்குள் நாடு முழுக்கப் பரவிவிட்டது. ஆசிரியர் ஒரு கண்ணாடிக் குவளையில் முட்டையின் வெள்ளைக்கருவை ஊற்றி அதன்மேல் ஆல்கஹாலை விடுவார், அது வெந்ததுபோல் திரிந்து கட்டியாகும், பார்த்தாயா, குடித்தால் உன் மூளையும் இப்படித்தான் ஆகும் என்பார். சின்னப் பிள்ளைகளிடம் உறுதிமொழியில் கையெழுத்தும் வாங்கினார்கள். அப்புறம் டெமொரெஸ்ட் என்ற நியூயார்க் பத்திரிகை அதிபர் ஆரம்பித்த பதக்கப் போட்டிகள். மதுவுக்கு எதிரான பேச்சைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து மேடையில் ஒப்பிக்க வேண்டும். ஜெயித்தால் வெள்ளிப் பதக்கம், வெள்ளி வாங்கியவர்கள் மோதிக்கொண்டு தங்கம், அதற்கும் மேலே வைரம். பேச்சு மட்டும் பிள்ளையுடையதில்லை, புத்தகத்தில் அச்சாகித் தயாராக வந்தது. நம் பேச்சுப்போட்டிகள் நினைவுக்கு வருகின்றனவா?

பலன் இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தப் பாடத்தைப் படித்து, அந்தப் பேச்சை ஒப்பித்து வளர்ந்தவர்கள் வோட்டு போடும் வயதுக்கு வந்த பிறகுதான் மதுவிலக்குச் சட்டமே வந்தது. 1920 ஜனவரி 17 முதல் மது காய்ச்சுவதும் விற்பதும் ஏற்றிச்செல்வதும் அமெரிக்கா முழுக்கக் குற்றம். நடந்ததென்ன? டாக்டர் சீட்டு இருந்தால் மருந்துக்கடையில் விஸ்கி கிடைத்தது, தொழிற்சாலை ஆல்கஹாலைக் குடிக்காமல் இருக்க அரசாங்கமே அதில் மெத்தனால் என்ற விஷத்தைக் கலக்கச் சொல்ல, அதையும் குடித்துச் செத்தார்கள். (2018 செப்டம்பரில் கோலாலம்பூர், சிலாங்கூர் பக்கம் மெத்தனால் கலந்த சரக்கைக் குடித்து எத்தனை பேர் போனார்கள், நமக்கு மறந்தா போச்சு?) 1933 டிசம்பர் 5 அன்று சட்டத்தையே தூக்கிவிட்டார்கள். முழுசாக 14 வருஷம்கூட நிற்கவில்லை.

எனக்கு உண்மையில் பிடித்த விஷயம் இனிமேல்தான் வருகிறது. அந்த 14 வருஷத்தில் பள்ளி முடித்த பிள்ளைகள் எப்படி விடைபெற்றார்கள் தெரியுமா? 1920 இல் அங்கே 17 வயதுப் பிள்ளைகள் நூற்றில் ஏறக்குறைய 17 பேர்தான் உயர்நிலைப்பள்ளியை முடித்தார்கள், 1940 இல் பாதிப் பேர். ஆக, எத்தனையோ வீடுகளில் அந்தச் சான்றிதழைக் கையில் வாங்கிய முதல் ஆள் அந்தப் பிள்ளை. ஊரே கூடத்தானே செய்யும்? ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பட்டதாரிப் பிள்ளைகளுக்கென்று ஒரு பிரசங்கம், கீழ் வகுப்பு மாணவர்கள் மேல் வகுப்புக்கு வைக்கும் விருந்து, பிறகு பட்டமளிப்பு. விருந்தில் ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்து கோப்பையைத் தூக்கி வாழ்த்துரை சொல்வார்கள், கோப்பையில் இருப்பது பழச்சாறு. நம் பிள்ளைகள் ஹோட்டல் மண்டபத்தில் ஆரஞ்சுத் தண்ணீரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூரை அதிர 'யாம் செங்' என்று சீனர் பாணியில் வாழ்த்துக் கத்துகிறார்களே, அந்தக் கூத்துதான்.

பட்டமளிப்பு மேடையில் இரண்டாவதாக வந்த மாணவர் வரவேற்றுப் பேசுவார், முதலாவதாக வந்தவர் விடைபெற்றுப் பேசுவார். பெரும்பாலும் கடமை, நாடு, நல்ல குடிமகன் என்று போகும் கனமான பேச்சுகள் இவை. 1924 முதல் அரசியல் சட்டத்தைப் பற்றி உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்குப் பேச்சுப்போட்டிகளைப் பத்திரிகைகளே நடத்தின (ஆசிரியர் அவர்கள் கவனிக்க). ஆனால் இவை தவிர, மாணவர்கள் தாங்களே எழுதி வாசித்த இரண்டு உருப்படிகள் உண்டு. ஒன்று வகுப்பின் உயில்: இன்னாருடைய கிழிந்த பூகோளப் புத்தகம் இன்ன தம்பிக்கு, இன்னாரின் தாமதமாக வரும் பழக்கம் அடுத்த வகுப்பு முழுமைக்கும், இந்த மாதிரி. இன்னொன்று வகுப்பின் ஜோசியம், 20 வருஷம் கழித்து யார் யார் என்னவாக இருப்பார்கள் என்று கேலியாகச் சொல்வது. மேடையில் பிள்ளைகளின் சொந்தக் குரல் கேட்டது இந்த இரண்டில்தான் என்பேன்.

இதைப் படித்ததிலிருந்து என் வகுப்பிலும் செய்து பார்த்தேன். பாடம் நடத்தும்போது வாயே திறக்காத பையன், வகுப்பு ஜோசியம் என்றதும் மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். எழுத்துப்பிழை ஏராளம், ஆனால் கூடத்தில் ஒருத்தரும் கைப்பேசியைத் தொடவில்லை.

இப்போது ஒரு வருத்தத்தையும் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் இங்கே பினாங்கில் ஒரு பள்ளியின் பிரியாவிடை விருந்துக்குப் போயிருந்தேன், பள்ளியின் பெயர் வேண்டாம். விருந்துக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு மாணவி தன் பேச்சைத் திருத்தித் தரச்சொல்லி என்னிடம் கொண்டுவந்தாள். அவள் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். சம்பள நாளன்று தாத்தா தோட்டத்து லயன் வீட்டுக்குத் திரும்பும் வழியில் கள்ளுக்கடை, அதற்கு முன்னாலேயே போய்ப் பாட்டி கைக்குழந்தையோடு உட்கார்ந்துகொள்வாராம். சண்டை போட மாட்டார், கத்த மாட்டார், வெறுமனே உட்கார்ந்திருப்பார். சில மாதம் தாத்தா நேரே வீட்டுக்கு வருவார், சில மாதம் பாட்டியைத் தாண்டி உள்ளே போய்விடுவார். அந்தக் கைக்குழந்தைதான் என் அம்மா என்று முடித்திருந்தாள். நான் ஒரு சந்திப்பிழையைத் திருத்தியதோடு சரி.

விருந்தன்று அவள் வாசித்தது வேறு. விருந்தினர் முன்னால் குடும்பக் கதையெல்லாம் எதற்கு என்று பள்ளியில் அதை எடுத்துவிட்டு, குடி குடியைக் கெடுக்கும், இளைஞர்களே விழித்தெழுங்கள் என்று ஒரு பேச்சை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நல்ல பிள்ளை, ஏற்ற இறக்கத்தோடு அழகாக ஒப்பித்தாள். மண்டபத்தில் பேச்சுச் சத்தம் குறையவே இல்லை. பின் மேசையில் ஒரு பெரிய மனிதரின் கோப்பையில் இருந்தது வெறும் கோலாதானா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

குடியைப் பற்றி நம் ஆட்கள் சொந்த வாயால் பேசியபோது எவ்வளவு வேகம் இருந்தது என்பதையும் அந்த அன்பர் யோசிக்க வேண்டும். 1941 இல் கிள்ளான் வட்டாரத் தோட்டப் பாட்டாளிகள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடு என்பதும் அவர்கள் கோரிக்கையில் இருந்தது. 1947 இல் கெடாவில் தோட்டத் தொழிலாளர்களின் தொண்டர் படையினர் கள்ளுக்கடை முன்னால் மறியல் செய்து அடிபட்டார்கள். எந்த வாத்தியாரும் அவர்களுக்குப் பேச்சு எழுதிக் கொடுக்கவில்லை.

விருந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். மது வாங்கச் சட்டப்படி 21 வயது ஆக வேண்டும் என்று 2017 டிசம்பரிலிருந்து விதி இருக்கிறது, ஐந்தாம் படிவப் பிள்ளை கூல்டிரிங்க்ஸ் குடித்துவிட்டு நாலு பாட்டுக்கு ஆடிவிட்டுப் போகட்டும். நிகழ்ச்சி நிரலில் யாங் பெர்ஹோர்மாட்டுகள் (மாண்புமிகு மக்கள் பிரதிநிதிகள்தான்) பேச 45 நிமிஷம் ஒதுக்குகிறீர்கள் அல்லவா, அதில் பத்து நிமிஷம் வெட்டி மூன்று மாணவர்களுக்குக் கொடுங்கள். அவர்கள் எழுதியதில் எழுத்துப்பிழையை மட்டும் திருத்துங்கள். ஒருத்தர் குடியைப் பற்றிப் பேசலாம், ஒருத்தர் கேன்டீன் மீகோரிங்கைப் பற்றிப் பேசலாம், அது அவர்கள் பாடு.

அந்த மூன்று பக்கப் பையன் என்னைப் பற்றியும் ஒரு வரி ஜோசியம் எழுதியிருந்தான்: 'டீச்சர் ரிட்டையர் ஆன பிறகு பேப்பருக்குக் கடிதம் எழுதி எல்லாரையும் திருத்திக்கொண்டிருப்பார்.'

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பிறை, பினாங்கு